சுழி எண்ணும் கணக்கு: தொடக்க அண்டமும் கணினியும்

மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், திமிலைப் பார்ப்பார், கடைசியில் சுழியைப் பார்ப்பார். அழகர்கோவில் மலையடிவாரம் தொடங்கி அலங்காநல்லூர், பாலமேடு வரை காளை வளர்க்கும் ஊர்களில் இந்தச் சோதனை இல்லாமல் கைமாறும் மாடு குறைவு. ஏறுபூரான் சுழி என்றால் விலை ஏறும். இறங்குபூரான் என்றால் விற்கிறவர் குரலே இறங்கிவிடும். சுழிக்கும் வாங்குகிறவர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் நம்பவில்லை. ஆனால் மாட்டின் தோலில் அத்தனை இடமிருக்க, கண் போய் நிற்கவேண்டிய இடம் சுழிதான் என்று கண்டவர்கள் கணக்கு தெரிந்தவர்கள்.

காரணம் இதுதான். தோலின் ஒவ்வொரு புள்ளியிலும் மயிர் ஏதோ ஒரு திசையில் சாய்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து மயிர்கள் ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்கின்றன. சுழியின் நடுவில் மட்டும் திசை என்று எதையும் சொல்ல முடியாது. அந்த நடுவைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு வந்தால், வழியில் சந்திக்கும் மயிரின் திசையும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. எண்ணெய் தடவி வாரினால் அங்கங்கே சாய்வு மாறும். அந்த ஒரு சுற்று மட்டும் மாறாது. அது முழு எண். ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க அதற்கு வழி கிடையாது. சுழியை அழிக்க ஒரே ஒரு உபாயம்தான் உண்டு: எதிர்ச்சுழி ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் மோதவிடுவது. இரண்டு பக்கமிருந்து வரும் மயிர் எதிர்ப்பட்டு மற்ற இரண்டு பக்கமாகப் பிரிந்துபோகும் இடம்தான் அந்த எதிர்ச்சுழி. அதைச் சுற்றி வட்டம் போட்டால் திசை எதிர்ப்பக்கமாக ஒரு முறை சுற்றும். முதலாவதன் சுற்றெண் +1, இதன் சுற்றெண் −1. இரண்டும் சேர்ந்தால் பூஜ்யம்.

இயற்பியல் இந்த வகைப் பொருளை இடவியல் குறை என்கிறது. அண்டம் பிறந்த முதல் நொடியின் மிகச் சிறிய பின்னத்தில், வெளி முழுவதையும் நிறைத்திருந்த புலங்களில் இப்படிப்பட்ட சுழிகள் விழுந்தனவா, விழுந்திருந்தால் எத்தனை, பிறகு அவை என்ன ஆயின என்று கணினியில் போட்டுப் பார்க்கும் வேலை நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. இந்தக் கணக்குகளில் எதை நம்பலாம், எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. சுழிகளின் எண்ணிக்கையில் கணினியை நம்பலாம். அவற்றின் நீண்ட ஆயுளைப் பற்றிச் சொல்லும்போது அவ்வளவு நம்ப முடியாது. இந்த வித்தியாசத்தைப் பல பிரபல எழுத்துகள் மழுப்பிவிடுகின்றன.

கேள்வியை இன்றைய வடிவில் கேட்டவர் சென்னையில் பிறந்தவர். தாமஸ் கிபிள், 1932 டிசம்பர் 23. அப்பா வால்டர் கிபிள் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 1941இல் 'சங்க்யா' இதழில் அவர் எழுதிய இருமாறி காமா பரவலால் புள்ளியியல்காரர்களுக்கு மகனுக்கு முன்பே அப்பாவைத் தெரியும். 1937இல் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறியது. அந்த வளாகத்தில் ஓடி விளையாடி, அப்பா தந்த கணக்குப் புதிர்களைப் போட்டுப் பழகி, டவ்டன் கோரி பள்ளியில் படித்த சிறுவன் பிறகு எடின்பரோவுக்குப் போனான். 1959இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அப்துஸ் சலாம் இருந்த துறையில் சேர்ந்தார். துகள்களுக்கு நிறை வரும் விதம் பற்றி 1964இல் குரால்னிக், ஹேகன் இருவருடன் அவர் எழுதிய கட்டுரை, இன்று ஹிக்ஸ் பெயரில் வழங்கும் கருத்தின் மூல ஆவணங்களில் ஒன்று. 2013 நோபல் பரிசு ஹிக்ஸ், எங்லேர் இருவரோடு நின்றது. அவரைத் தமிழ்நாட்டு விஞ்ஞானி என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. கணக்கின் முதல் ருசி அவருக்குத் தாம்பரத்தில் கிடைத்தது என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

1976இல் அவர் தனியாக எழுதிய கட்டுரைதான் நமக்கு இங்கே வேண்டியது. வாதம் எளிமையானது. தொடக்கத்தில் அண்டம் தாங்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் புலம் எந்தத் திசையையும் தேர்ந்தெடுக்காது. எல்லாத் திசையும் அதற்கு ஒன்றே. விரிந்து குளிர்ந்து ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வந்ததும் ஏதாவது ஒரு திசையைத் தேர்ந்தே ஆகவேண்டும். எந்தத் திசை என்பதற்கு விதி கிடையாது. பக்கத்தில் உள்ள பகுதிகள் ஒன்றையொன்று பார்த்து ஒத்துப்போகலாம். ஆனால் சேதி ஒளியைவிட வேகமாகப் போகாது. அண்டம் பிறந்து அதுவரை ஒளி கடந்திருக்கக்கூடிய தூரத்துக்கு அப்பால் உள்ள இரண்டு பகுதிகள் ஒத்துப்போக வழியே இல்லை. ஆகவே வெளி பல வட்டாரங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு திசையை எடுத்துக்கொள்ளும். வட்டாரங்கள் சந்திக்கும் சில இடங்களில் திசைகள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். அங்கே சுழி மாட்டிக்கொள்ளும். அதன் நடுவில் பழைய சூட்டு நிலை அப்படியே சிறைபட்டிருக்கும்.

புலம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்துச் சுழியின் உருவம் மாறும். இரண்டே தேர்வுகள் என்றால் நடுவில் சுவர் எழும். அந்தச் சுவர்கள் அண்டத்தின் ஆற்றலையெல்லாம் விழுங்கிவிடும் என்று ஸெல்டோவிச், கோப்ஸரேவ், ஒகுன் மூவரும் 1974இலேயே காட்டிவிட்டார்கள். நாம் இருக்கிறோம் என்பதே அப்படிப்பட்ட கனத்த சுவர்கள் இல்லை என்பதற்குச் சான்று. வட்டத்தில் எந்தத் திசையும் ஆகலாம் என்றால், முப்பரிமாண வெளியில் சுழியின் நடுப்புள்ளி நீண்டு இழையாகும். இதுதான் அண்ட இழை. முனைகள் அதற்குக் கிடையாது. ஒன்று தன்னோடு தானே மூடிக் கண்ணியாக இருக்கும், இல்லையென்றால் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். கோளத்தில் எந்தத் திசையும் ஆகலாம் என்றால் கிடைப்பது புள்ளிக் குறை: காந்த ஒருமுனை.

காந்த ஒருமுனைக்கு மதுரையோடு நேரான தொடர்பு உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவி, நியூட்ரினோவோடு கூட இந்த ஒருமுனைகளையும் தேட வல்லதா என்று அந்தக் குழுவினர் கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். கனமும் மந்தமுமான ஒருமுனை அத்தனை இரும்பையும் ஊடுருவி நேர்கோட்டில் போகும். அடுக்கடுக்கான உணர்கருவிகளில் அது பதியும் நேர வித்தியாசமே அதைக் காட்டிக்கொடுக்கும். 2015 தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு மக்கள் எதிர்ப்பு, வழக்குகள், மாநில அரசின் மறுப்பு எனத் திட்டம் நின்றுபோனது. மலையைக் குடைவது பற்றிய அச்சத்தை விஞ்ஞானிகள் தொடக்கத்திலேயே ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மிஞ்சியது, மதுரையில் ஓடும் 85 டன் மாதிரிக் கருவி. பதினொரு இரும்புத் தட்டுகளை அடுக்கிய அந்தச் சிறு உரு, மேலிருந்து விழும் மியூவான்களைப் பதிவு செய்கிறது. ஒருமுனையைப் பிடிக்க அது மிகச் சிறியது.

ஒருமுனை இதுவரை எங்கும் உறுதியாகச் சிக்கவில்லை. கிபிளின் வாதப்படி பார்த்தால் அவை எங்கும் இறைந்து கிடக்க வேண்டும். ஒவ்வொன்றும் கிராமில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் கனமானது என்பதால் அண்டமே அந்தப் பாரத்தில் எப்போதோ சுருங்கி விழுந்திருக்க வேண்டும். இந்தச் சங்கடத்தை 1979இல் பிரெஸ்கில் கூர்மையாக எடுத்துக்காட்டினார். இதிலிருந்து தப்பும் வழியைத் தேடியபோதுதான் ஆலன் கூத்துக்கு அண்டப் பெருவீக்கம், அதாவது தொடக்கத்தில் அண்டம் திடீரென மிக வேகமாக விரிந்தது என்ற கருத்து பிடிபட்டது. 1981இல் அது அச்சேறியது. விழுந்த குறைகளை யாரும் பார்க்காததே இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய சேதி என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி கணினி. 1984இல் தன்மய் வச்சஸ்பதியும் அலெக்ஸாண்டர் விலென்கினும் செய்த சிமுலேஷன் இந்தத் துறையின் அரிச்சுவடி. அதைத் தாளிலும் பென்சிலிலும் யாரும் போட்டுப் பார்க்கலாம். வட்டத்தில் எண்ணற்ற திசைகள் இருந்தாலும் அவர்கள் மூன்றே திசைகளை வைத்துக்கொண்டார்கள்; ஒன்றுக்கொன்று 120 டிகிரி இடைவெளி. கனசதுரக் கட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் இந்த மூன்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு மூலையும் ஒரு வட்டாரம். பிறகு கட்டத்தின் ஒவ்வொரு முகத்தையும் சுற்றிவந்து, திசை முழுச் சுற்று சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினால் அந்த முகத்தை ஓர் இழை துளைத்துப் போகிறது என்று அர்த்தம். முகம் முகமாகத் துளைகளை இணைத்தால் இழை கிடைக்கும்.

முதலில் ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று மூலை, மூலைக்கு மூன்று தேர்வு. மொத்தம் 27 விதம். முழுச் சுற்று வரவேண்டுமானால் மூன்று மூலையிலும் மூன்று வேறு திசை இருக்க வேண்டும். அப்படி அமைவது 6 விதம். 27இல் 6 என்றால் 22 விழுக்காடு. திசைகளை மூன்றாகச் சுருக்காமல் வட்டம் முழுவதையும் அனுமதித்தால் விடை சரியாகக் கால் பங்கு, அதாவது 25 விழுக்காடு. எண்ணற்ற திசைகளை மூன்றாகக் குறுக்கிய முரட்டுத்தனத்துக்கு நாம் கொடுத்த விலை மூன்றே புள்ளி. சதுர முகத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 27இல் 8 வருகிறது. முழு எண் ஒன்றைத் தேடும்போது அளவுகோல் எவ்வளவு மொண்ணையாக இருந்தாலும் விடை பெரிதாகத் தவறுவதில்லை. நான் மேலே எண்ணிக்கையை நம்பலாம் என்றதன் பொருள் இதுதான்.

அவர்களின் முடிவு அப்போது பலரை வியக்கவைத்தது. மொத்த இழை நீளத்தில் சுமார் 80 விழுக்காடு கண்ணிகளில் இல்லை. கட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும் முடிவற்ற இழைகளில் இருந்தது. அந்த இழைகள் நேராகவும் இல்லை. ஒவ்வொரு அடியிலும் எந்தப் பக்கம் திரும்புவது என்று காசு சுண்டிப் போகிறவன் பாதைபோல வளைந்து வளைந்து கிடந்தன. கட்டத்தின் அமைப்பைக் கனசதுரத்திலிருந்து நான்முகிக்கு மாற்றிப் பிறர் செய்தபோது 80 என்பது அறுபதுகளுக்கு இறங்கியது. ஆனால் பாதிக்கு மேல் முடிவற்ற இழை என்பது மாறவில்லை. கண்ணிகள் சுருங்கி மறைந்துபோகும். முடிவற்றவை மறைய முடியாது. அதனால் கனமான இழைகள் ஒரு தரம் பிறந்திருந்தால் அவற்றின் வாரிசுகள் இன்றும் வானத்தில் எங்கோ இருந்தாக வேண்டும்.

கணினி சொல்வதை ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்க முடியுமா? அண்டத்தை மறுபடி சூடாக்க முடியாது. ஆனால் கிபிளின் வாதத்துக்கு அண்டம் தேவையே இல்லை. குளிரும்போது திசை தேர்ந்தெடுக்கும் எந்தப் பொருளும் போதும். கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் எண் காட்டும் திரவப் படிகம் அப்படிப்பட்டது. அதன் மூலக்கூறுகள் குச்சி வடிவம். சூட்டில் தாறுமாறாகக் கிடக்கும். குளிர்ந்தால் ஒரு பக்கமாக வரிசைகட்டும். இந்தச் சோதனைகளில் புழங்கும் 5சிபி என்ற சேர்மத்துக்கு அந்த மாற்றம் நடப்பது சுமார் 35 டிகிரி செல்சியஸில். சித்திரை மாதத்து நடுப்பகலில் அழகர்கோவிலில் அதை ஒரு குப்பியில் வெளியே வைத்தால் வெறும் திரவமாகத் தெளிந்து நிற்கும். மாலைக் காற்று வீசியதும் கலங்கி, சுழி சுழியாகத் திரவப் படிகமாகும். 1991இல் ச்சுவாங், டுரர், டுராக், யூர்க் நால்வரும், 1994இல் போவிக், சந்தர், ஷிஃப், ஸ்ரீவாஸ்தவா நால்வரும் இதை நுண்ணோக்கியில் பார்த்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இரண்டாவது குழு சுழிகளின் அடர்த்தியை எண்ணி, கிபிள் கணக்கோடு ஒத்துப்போவதைக் காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை அதற்குப் பிறகு வந்தது, அதுவும் இந்தியாவில். புவனேஸ்வர் இயற்பியல் நிறுவனத்தில் சனாதன் டிகல், ராஜர்ஷி ராய், அஜித் மோகன் ஸ்ரீவாஸ்தவா மூவரும் 1999இல் செய்தது. டிகல் பிறகு சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தார். அடர்த்தியை எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு: ஒரு வட்டாரத்தின் அளவு என்ன என்பது பொருளுக்குப் பொருள், குளிரும் வேகத்துக்கு வேகம் மாறும். அதைச் சாராத ஒரு கேள்வியை அவர்கள் தேடினார்கள். நுண்ணோக்கியில் ஒரு பரப்பை எடுத்துக்கொள். அதில் உள்ள +1 சுழிகளை எண்ணு, −1 சுழிகளைக் கழி. மிச்சம் என்ன?

சுழிகள் ஒவ்வொன்றும் தன்னிச்சையாக + அல்லது − ஆக விழுந்திருந்தால் விடை நாம் பள்ளியில் படித்த புள்ளியியல்தான். நூறு சுழி இருக்கும் பரப்பில் மிச்சம் ஏறத்தாழப் பத்து அளவுக்கு இருக்கும். பத்தாயிரம் சுழியில் நூறு. அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஆனால் கிபிள் வழியில் விழுந்திருந்தால் கதையே வேறு. பரப்பின் உள்ளே எத்தனை சுழி இருந்தாலும் மொத்த மிச்சம் என்பது அதன் எல்லையைச் சுற்றி வந்தால் திசை எத்தனை முறை சுற்றுகிறது என்பதே. எல்லையில் உள்ள வட்டாரங்கள் மட்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. உள்ளே இருக்கும் ஆயிரம் வட்டாரங்களுக்கு அதில் பேச்சே இல்லை. எல்லையின் நீளம் பரப்பின் வர்க்கமூலமாகத்தான் வளரும். எல்லையில் குலுக்கல் நடப்பதால் அதற்கும் ஒரு வர்க்கமூலம். ஆக எண்ணிக்கையின் நான்காம் மூலம்: நூறு சுழியில் மிச்சம் மூன்று, பத்தாயிரத்தில் வெறும் பத்து. + பிறந்தால் பக்கத்திலேயே ஒரு − பிறக்கிறது என்பதே இதன் உட்பொருள்.

வர்க்கமூலம் என்றால் அடுக்கு அரை, நான்காம் மூலம் என்றால் கால். எது? அவர்கள் அளந்து கண்டது 0.26, பிழை எல்லை 0.11. கால் என்பது நடுவில் விழுகிறது. அரை என்பது எல்லைக்கு வெளியே நிற்கிறது. பிழை எல்லை அகலமானதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு கண்ணாடித் தகட்டில் தேய்த்த சொட்டுத் திரவத்தையும் இரண்டு முனைவாக்கிகளையும் வைத்துக்கொண்டு, அண்டத்தின் முதல் கணத்தைப் பற்றிய ஒரு வாதத்தின் கணித எலும்பைத் தொட்டுப் பார்த்த சோதனை இது. செலவைச் சொன்னால் பெரிய கருவிக்காரர்கள் வெட்கப்படுவார்கள்.

ஹீலியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்து மீப்பாய்மமாக (உராய்வின்றி ஓடும் திரவமாக) மாறும் ஹீலியத்தில் சுழல்கள் விழும் என்று வொய்சியெக் ஜுரெக் 1985இல் சொன்னார். குளிரும் வேகத்திலிருந்து வட்டாரத்தின் அளவைக் கணக்கிடும் வழியையும் அவரே தந்தார். 1996இல் ஹெல்சிங்கி, கிரெனோபில் குழுக்கள் ஹீலியம்-3இல் நியூட்ரானை மோதவிட்டு ஒரு சிறு புள்ளியைச் சூடாக்கி, அது குளிரும்போது சுழல்கள் பிறப்பதைக் கண்டன. ஆனால் 1994இல் ஹீலியம்-4இல் சுழல்களைக் கண்டதாகச் சொன்ன லங்காஸ்டர் குழு, கருவியைச் செம்மைப்படுத்தி 1998இல் மறுபடி செய்தபோது எதையும் காணவில்லை. முன்பு கண்டது திரவம் கலக்கப்பட்டதால் வந்த சுழல். அவர்களே அதை வெளியிட்டார்கள்.

பிறப்புக் கணக்கு இத்தோடு ஓரளவு முடிகிறது. வளர்ப்புக் கணக்கில்தான் வம்பு.

பிறந்த இழைகள் சும்மா கிடப்பதில்லை. விறைப்பாக இழுக்கப்பட்ட அவை ஒளிக்கு நிகரான வேகத்தில் அடித்துக்கொள்கின்றன. இரண்டு இழைகள் குறுக்கிட்டால் வெட்டுண்டு துணையை மாற்றிக்கொள்கின்றன. தன்னைத்தானே வெட்டினால் ஒரு கண்ணி கழன்று விழுகிறது. இப்படிக் கண்ணிகளை உதிர்ப்பதால்தான் இழைகளின் பாரம் அண்டத்தை நசுக்கவில்லை. எந்தக் காலத்தில் பார்த்தாலும், அன்றைய ஒளி எல்லைக்குள் (அதுவரை ஒளி கடந்திருக்கக்கூடிய தூரத்துக்குள்) நீண்ட இழைகள் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இருக்கும். 1985இல் ஆல்பிரெக்ட்டும் டுராக்கும் இதை முதலில் கணினியில் காட்டினார்கள். பென்னெட்–பூஷே, ஆலன்–ஷெல்லார்ட் என்று அடுத்தடுத்து வந்தவர்கள் பொதுப்போக்கை ஒப்புக்கொண்டாலும் எண்களிலும் கண்ணிகளின் அளவிலும் முரண்பட்டார்கள். அந்தச் சண்டை சின்னதல்ல. ஏனென்றால் அப்போது விண்மீன் மண்டலங்களுக்கெல்லாம் விதை இந்த இழைகள்தான் என்ற நம்பிக்கை இருந்தது.

இழையின் கனத்தை ஊர்க் கணக்கில் சொல்கிறேன். அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு 21 கிலோமீட்டர். மண்டலங்களுக்கு விதையாக வேண்டிய அளவு கனமுள்ள ஓர் இழையை இந்தத் தூரத்துக்கு இழுத்துக் கட்டினால் அந்தத் துண்டின் எடை நாலரைப் பூமிக்கு மேல். தடிமனோ புரோட்டானைவிடப் பல கோடி கோடி மடங்கு மெல்லியது. நேரான இழை எதையும் தன் பக்கம் இழுக்காது. தன்னைச் சுற்றியுள்ள வெளியில் ஒரு சிறு ஆப்பை வெட்டி எடுத்ததுபோலக் கோணத்தைக் குறைத்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள மண்டலம் நமக்கு இரண்டாகத் தெரியும். 2003இல் அப்படியொரு இரட்டை அகப்பட்டுவிட்டது என்று பரபரப்பு எழுந்தது. 2006இல் ஹபிள் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தால் அருகருகே உள்ள இரண்டு தனி மண்டலங்கள்.

விதை நம்பிக்கையை முறித்ததும் சிமுலேஷன்தான். 1997இல் பென், ஸெல்ஜாக், டுராக் மூவரும் குறைகள் தொடக்கச் சூட்டின் மிச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியில் எப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தைப் பதிக்கும் என்று கணக்கிட்டார்கள். கூர்மையான முகடுகள் வரவில்லை. 2000இல் பூமராங் பலூன் சோதனை தெளிவான முகடு ஒன்றைக் கண்டது. விளையாட்டு முடிந்தது. டுராக் பல ஆண்டு உழைத்துக் கட்டிய கருத்தை அவருடைய கணக்கே தள்ளுபடி செய்ததை நான் இந்தத் துறையின் நேர்மைக்கு அடையாளமாகப் பார்க்கிறேன். பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகள் இழைக்கு விட்டுவைத்த கனம் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்: அழகர்கோவில்–மதுரை துண்டின் எடை அரைப் பூமி.

இன்று இழைகளைத் தேடுவது ஈர்ப்பலைகளில். 2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள், துடிவிண்மீன்களின் கடிகாரத் துடிப்பில் மெல்லிய அலைப் பின்னணி ஒன்றின் தடயத்தை அறிவித்தன. புனே அருகே கோடாட்டில் உள்ள மேம்படுத்தப்பட்ட ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழு ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து இதில் இருந்தது. தரமணி நிறுவனத்தவரும் அதில் உண்டு. இணை சேர்ந்து சுற்றும் மாபெரும் கருந்துளைகளே அலைக்குக் காரணம் என்பதுதான் பெரும்பாலோர் கணிப்பு. இழைக் கண்ணிகளும் பட்டியலில் இருக்கின்றன. கண்ணிகள் ஈர்ப்பலையாகவே கரைகின்றன என்று வைத்தால், இந்த அளவீடு இழையின் கனத்துக்கு விதிக்கும் எல்லை பிளாங்க்கைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு இறுக்கமானது.

'என்று வைத்தால்' என்ற அந்த இடத்தில்தான் இரண்டு கணினி முகாம்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு முகாம் இழையைத் தடிமனே இல்லாத கோடாக வைத்துக் கணக்கிடுகிறது. அதில் கண்ணிகள் பெரிதாகக் கழன்று, நெடுங்காலம் அதிர்ந்து, ஈர்ப்பலை வீசுகின்றன. மற்ற முகாம் புலத்தையே கட்டத்தில் போட்டு இழையைத் தானாக உருவாகவிடுகிறது. அதில் கண்ணிகள் சீக்கிரம் துகள்களாகச் சிதறிப்போகின்றன. ஈர்ப்பலைக்கு மிச்சமே இல்லை. முதலாவதில் இழைக்கு உடம்பு இல்லை. இரண்டாவதில் உடம்பு இருக்கிறது, ஆனால் அண்டம் ரொம்பச் சின்னது. எந்தப் பக்கம் சரி என்று இன்றுவரை இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்டம் ஏன் சின்னதாகப் போகிறது? கட்டத்தின் இடைவெளி இழையின் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் இழை கட்டப் புள்ளிகளுக்கு நடுவே நழுவிவிடும். கட்டத்தின் மொத்த அகலமோ ஒளி எல்லையைவிடப் பெரிதாக வேண்டும். அண்டம் விரிய விரியக் கட்டமும் விரியும். இழையின் தடிமன் மட்டும் அப்படியே நிற்கும். இதற்குச் சுவர்களை வைத்து 1989இல் பிரெஸ், ரைடன், ஸ்பெர்கல் ஒரு தந்திரம் கண்டார்கள்: சமன்பாட்டைச் சற்றே வளைத்து, குறையின் தடிமனும் அண்டத்தோடு சேர்ந்து பெருகும்படி செய்துவிடுவது. சுற்றெண்ணுக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. ஆற்றல் எப்படி வெளியேறுகிறது என்பதற்குச் சேதம் உண்டு. எவ்வளவு என்பதில்தான் வாக்குவாதம்.

இந்த வாக்குவாதத்துக்கு இப்போது நேரடியாக விலை கொடுப்பது ஆக்சியான் தேடல். கரும்பொருள் என்பது ஆக்சியான் என்ற மிக லேசான துகள்தான் என்றால், பெருவீக்கத்துக்குப் பிறகு அதன் புலத்திலும் கிபிள் வழியில் இழைகள் விழுந்திருக்கலாம். அவை கரையும்போது ஆக்சியான்களை உதிர்க்கும். எத்தனை உதிர்ந்தன என்று தெரிந்தால், இன்றுள்ள கரும்பொருளின் அளவைக் கொண்டு ஒரு துகளின் நிறையைச் சொல்லிவிடலாம். தடிமனுக்கும் ஒளி எல்லைக்கும் உள்ள விகிதம் கணினியில் சில ஆயிரம். உண்மையில் அந்த நேரத்தில் அது ஏறக்குறைய ஒன்றுக்குப் பின்னால் முப்பது பூஜ்யம். இடையில் உள்ள தூரத்தை யாரும் கணக்கிடுவதில்லை; கோட்டை நீட்டி ஊகிக்கிறார்கள்.

கொர்கெட்டோ, ஹார்டி, வில்லடோரோ மூவரும் 2021இல் நீட்டிய கோடு, ஆக்சியானின் நிறை 500 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் என்றது. புஷ்மன் குழு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கட்டத்தை நுணுக்கிக்கொள்ளும் முறையில் இன்னும் பெரிய சிமுலேஷன் ஓட்டி, 40 முதல் 180 வரை என்று 2022இல் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், ஒளி எல்லைக்குள் இழைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறிக்கொண்டே போகிறது என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகின்றன. பிணக்கு, ஓர் இழை உதிர்க்கும் ஆக்சியான்களில் வேகமானவை எத்தனை, மந்தமானவை எத்தனை என்பதில் மட்டும். சரிவில் ஒரு சிறு வித்தியாசம், முப்பது பூஜ்யத் தூரத்துக்கு நீட்டப்படும்போது பல மடங்காகிவிடுகிறது.

கருவி கட்டுகிறவர்களுக்கு இது தத்துவப் பிரச்சினை கிடையாது. ஆக்சியானைப் பிடிக்க வானொலிப்பெட்டிபோல் அலைவரிசையைத் திருகித் தேட வேண்டும். 40 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் 10 கிகாஹெர்ட்ஸ் அருகே; 500 என்றால் 120க்கு மேல். ஒன்றுக்குக் கட்டிய கருவி மற்றதற்கு உதவாது. ஒவ்வொரு அலைவரிசையிலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பணமும் ஆளும் இரண்டு கோடியிலும் போட யாரிடமும் இல்லை. என்னைக் கேட்டால் 10 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து தொடங்குவேன். அங்கே கருவி கட்டுவது எளிது என்பதுதான் காரணம்; சிமுலேஷன் அந்தப் பக்கத்தை உறுதி செய்துவிட்டது என்று யாராவது சொன்னால், கோட்டை எங்கிருந்து எங்கே நீட்டினார்கள் என்று கேட்பேன்.